ஜன்னல் பெட்டியில் செவ்வந்தி

எங்கள் லயத்துக்கு ஜன்னல் வந்த வருடம் உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, சாக்கை விரித்து உட்கார்ந்து ஆனா ஆவன்னா எழுதிப் பழகிய என் வயதுக்காரிகளைத்தான் கேட்கிறேன். இப்போதுதான் முப்பதைத் தாண்டியவள் கிழவி மாதிரிப் பேசுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். நம் ஆட்களில் பாதிப் பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு வயது சீக்கிரம் கூடிவிடுகிறது.

ஜன்னல் வருவதற்கு முன்னால், லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறையான காம்பராவுக்குள் வெளிச்சம் வாசல் வழியாக மட்டும்தான் வரும். மழைக்குக் கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் குப்பி லாம்பு கொளுத்த வேண்டும். ஒருநாள் தச்சு பாஸ் என்று நாங்கள் கூப்பிடும் தோட்டத்துத் தச்சர் இரண்டு ஆட்களோடு வந்து, பின்சுவரில் கரிக்கட்டியால் ஒரு சதுரம் கிழித்தார். உளியும் சுத்தியலும் விழ விழ, சுண்ணாம்பு பொரிந்து எங்கள் சோற்றுப் பானை மேல் கொட்டியது. முதலில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு வெயில் குச்சி நீளமாக உள்ளே வந்து அடுப்படியில் குத்தி நின்றது. நான் அதைப் பிடிக்கப் போனேன். அம்மாவோ சுவரையும் பானைகளையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இவ்வளவு கரியையா வச்சிக்கிட்டு இத்தன நாளு குடித்தனம் நடத்தினேன்?"

அடுத்த காம்பராவிலும் அன்றைக்கே ஜன்னல் வைத்தார்கள். அங்கே இருந்தவர்களை நாங்கள் உறவு சொல்லித்தான் கூப்பிடுவோம். அப்பா அந்த வீட்டுக்காரியைத் தங்கச்சி என்பார், அம்மா மதினி என்பாள், எனக்கு அத்தை. இரத்த சம்பந்தம் ஏதுமில்லை. ஒரே கங்காணியின் பின்னால் வந்த இரண்டு குடும்பங்கள், அவ்வளவுதான். அத்தைக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. ஐந்து முடித்த பெண் பிள்ளைகளுக்கு இரண்டு வழிதான். ஒன்று கொழுந்துக் கூடை, இல்லாவிட்டால் கொழும்பில் யாராவது வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை.

ஜன்னல் வைத்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் துரைசாணிக்கு, அதாவது எங்கள் பெரிய துரையின் மனைவிக்கு, அந்த ஜன்னல்கள் பிடிக்கவில்லை. பங்களா மேட்டிலிருந்து பார்த்தால் தார் பூசிய பலகைக் கதவுகள் வரிசையாகச் சொத்தைப் பல் மாதிரித் தெரிகின்றன என்று சொன்னாராம். அடுத்த காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுவதற்கு முன்னால், கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு அறிவித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. துரைசாணி அம்மா ஜன்னலுக்கு ஒரு பொட்டி குடுக்குறாங்க. அதுல செடி வைக்கணும். மார்கழியில சீமையிலருந்து கம்பெனித் துரைமாரு வர்றாங்க. எந்த வீட்டுப் பொட்டி நல்லா இருக்கோ அந்த வீட்டுப் பொம்பளப் புள்ளைய அம்மா தன் செலவுல பதுளைக் கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்துல தங்க வச்சுப் படிக்க வைப்பாங்க."

"எனக்கு ஆம்பளப் புள்ளதானேங்க?" என்றார் ஒருவர்.

"அப்ப நீ பூவப் பறிச்சு ஒன் காதுல வச்சுக்க."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லயத்தில் வேறு பெண் பிள்ளைகள் ஒன்று கைக்குழந்தைகள், இல்லாவிட்டால் ஏற்கெனவே கொழுந்துக்குப் போய்விட்டவர்கள். பதுளைக்குப் போகக்கூடியவள் நான், அல்லது அத்தை மகள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

பெட்டிகள் தேயிலை ஆலையான ஸ்டோரில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிகளைக் குறுக்கே அறுத்துச் செய்தவை. விளிம்பில் தகரப் பட்டி, உள்ளே வெள்ளித் தாள். மண் போடும் முன் அந்தத் தாளை உரித்தெடுக்க எங்களுக்கு அனுமதி கிடைத்தது. நானும் அத்தை மகளும் ஆளுக்கொரு கிரீடம் செய்து தலையில் வைத்துக்கொண்டு மலையூற்று விழும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனோம். பலநாள் வரை எங்கள் தலைமுடியில் தேயிலைத் தூள் வாசம் இருந்தது. அந்தக் கிரீடம் எங்கே போயிற்று என்று இன்றைக்கும் தெரியவில்லை.

எந்தச் செடி வைப்பது என்பதுதான் அந்த ஐப்பசி முழுக்க லயத்துப் பேச்சு. ஒரு வீட்டில் கொத்தமல்லி தூவினார்கள். ஒரு வீட்டில் வெங்காயம் ஊன்றினார்கள். கடைசிக் காம்பராத் தாத்தா ஒரு தேயிலைக் கன்றைக் கொண்டுவந்து நட்டுவிட்டு, "எனக்குத் தெரிஞ்ச செடி இதுதான், இதுவும் பச்சையாத்தான் இருக்கு" என்றார். அத்தை நேராகப் பங்களாத் தோட்டக்காரரிடம் போய், துரைசாணிக்குப் பிடித்த ஜெரேனியத்தில் நாலு கொப்பு ஒடித்து வாங்கி வந்தாள். அதன் இலையைக் கசக்கினால் எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசம். அத்தை கெட்டிக்காரி. பரிசு கொடுக்கிறவருக்கு எது பிடிக்கும் என்று யோசித்தவள் லயத்திலேயே அவள் ஒருத்திதான்.

எங்கள் வீட்டில் இரண்டு நாள் சண்டை.

"மொளகாய் வைப்போம்," என்றாள் அம்மா. "பூவ வச்சு என்ன செய்ய? ரசத்துல போடவா?"

"இவ படிச்சு உத்தியோகம் பாத்தா ஒனக்கு ரசம் வச்சுக் குடுக்கவே ஆளு வரும்டி."

"ஆளு வரட்டும். அதுவரைக்கும் மொளகாய்க்கு என்ன வழி?"

அப்பா ஞாயிற்றுக்கிழமை பதுளைக்கு நடந்து போனார். பஸாரில் ஒரு முஸ்லிம் நானா கடை வாசலில் தொட்டி நிறையச் செவ்வந்தி நின்றதாம். கேட்டதும் பக்கக் கன்றுகளைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, "பூத்தா எனக்கும் ஒண்டு கொண்டு வாங்க, மறந்திராதீங்க" என்றாராம். சாமிக்கும் ஆகும், தலைக்கும் ஆகும், மஞ்சளாகத் தூரத்திலிருந்தே தெரியும் என்பது அப்பாவின் கணக்கு. அவர் கவ்வாத்துக்காரர். தேயிலையை வெட்டிக் குட்டையாக்கி மறுபடி துளிர்க்க வைக்கிற வேலை அவருடையது. செடியைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு அவருக்கு உண்டு. வடிகான் வெட்டிய மண்ணையும் ஆட்டுப் புழுக்கையையும் சலித்துக் கலந்து, கன்றுகளை ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டார். அம்மா அவருக்குத் தெரியாமல் ஓரத்தில் ஒரு மிளகாய் விதையைப் புதைத்தாள். அது முளைக்கவே இல்லை.

அம்மாவின் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பத்து வயதிலிருந்து கொழுந்து பறித்த விரல்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கறுத்து, நுனியில் வெடித்திருக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் கம்பளியின் நூலைப் பிடுங்கும். என்னை மடியில் போட்டால் என் பாவாடைக் கரையைப் பிடுங்கும். அம்மா கதை சொல்லிக்கொண்டே இருப்பாள், விரல் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஜன்னல் வந்த பிறகு அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரு புதுப் பழக்கம் வந்தது. விடியும் முன் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, தண்ணீர் கொதிக்கும் வரை இருவரும் அவரவர் ஜன்னலில் நின்று பேசுவார்கள். ஜன்னலுக்கு வெளியே சரிவு. அதற்குக் கீழே பங்களாப் பாதை. அந்நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. நான் கம்பளிக்குள் கிடந்தபடி அம்மாவின் முதுகைப் பார்ப்பேன், பேச்சைக் கேட்பேன்.

"மதினி, அடுப்பு பத்திக்கிச்சா?"

"எங்க பத்துது. எங்க மாமியா மாதிரிப் புகையுது, எரியமாட்டேங்குது."

"அண்ணன் எந்திரிச்சிட்டாரா?"

"ஒங்க அண்ணன் எந்திரிச்சாத்தான் சேவலு கூவும்."

பிறகு குரல் இறங்கும். பிரஜாவுரிமை இல்லாத எங்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. அத்தை குடும்பம் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தது. அப்பா இங்கேயே இருப்பதற்கு எழுதியிருந்தார்.

"எப்ப கூப்புடுவானோ தெரியல மதினி. அதுக்குள்ள இவ நாலு வருசம் கூடப் படிச்சுட்டா, எந்த ஊருக்குப் போனாலும் பொழைச்சுக்குவா. அங்க போயும் இவளக் கூலிக்கு விடணுமா?"

"நம்ம ரெண்டு புள்ளையும் போனா நல்லாத்தான் இருக்கும்."

"ஒண்ணுதான போகும்."

"ஆமா. ஒண்ணுதான்."

இப்படி ஒளிவுமறைவு இல்லாமல் பேசிக்கொண்டவர்கள் அவர்கள்.

கார்த்திகை பிறந்தபோது செவ்வந்தி முழங்கை உயரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பா தினமும் மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்து, முகம் கழுவும் முன்னால் செடியைத்தான் பார்ப்பார். ஒருநாள் அப்படிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"துளிரக் காணோம்."

நத்தையாக இருக்கும் என்று சாம்பல் தூவினார். மறுநாளும் இல்லை. காக்கையாக இருக்கும் என்று கறுப்புத் துணி கட்டினார். அதற்கடுத்த நாளும் நுனிகள் போயிருந்தன. ஒரு தண்டை வளைத்து விளக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஆடு கடிச்சா கிழியும். பூச்சி தின்னா ஓட்டை விழும். இது நகத்தால கிள்ளுனது. யாரோ மொட்டு வரவிடாமப் பண்றாங்க."

பக்கத்து ஜன்னலில் ஜெரேனியம் சிவப்பாக முதல் பூவை விட்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்கே புரிந்தது.

சண்டை பீலிக்கரையில் வெடித்தது. லயமே குடத்தோடு நின்றுகொண்டிருந்தது.

"தங்கச்சி, ஒம் புள்ள படிக்கணும்னா ஒஞ் செடிய வளத்துக்க. எஞ் செடியில கைய வைக்காத."

அத்தைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நானா? அண்ணே, யாரப் பாத்து என்ன பேசுறீங்க? ஒங்க பொண்டாட்டிதான் தெனம் கிள்ளுறா. விடியக்காத்தால என் கண்ணு முன்னாடி நின்னு கிள்ளுறா. செடி படர்றதுக்கு வேணும்னுதான் கிள்ளுறான்னு நான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தன் பிள்ளையின் படிப்பைத் தானே கிள்ளி எறிகிற தாய் எங்காவது உண்டா? பொய் சொல்வதென்றாலும் நம்புகிற மாதிரிச் சொல்ல வேண்டாமா என்றாள் ஒருத்தி. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் கிள்ளுறேனா மதினி? எம் புள்ளைக்கு வச்ச செடிய நானா கிள்ளுவேன்?"

"நீதான் மதினி. சாமி சத்தியமா நீதான்."

"அப்ப கோயிலுக்கு வா."

லயத்துக்கு மேலே மாரியம்மன் கோயில். கோயில் என்றால் நாலு தகரமும் ஒரு கல்லும். தீராத வழக்கெல்லாம் அங்கேதான் தீரும். கல்லின் முன்னால் சூடத்தைக் கொளுத்தி, சத்தியம் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்தவர் பேச்சுக்கு மேல் பேச்சு இல்லை. எதிராளியும் அடித்துவிட்டால், யார் சத்தியம் பொய்யோ, அவர் யார் மேல் சத்தியம் செய்தாரோ அவரை ஆத்தாள் எடுத்துக்கொள்வாள். அன்று கணக்கப்பிள்ளையும் வந்து நின்றார். அம்மா ஈரச் சேலையோடு முன்னால் போனாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"எம் புள்ள மேல சத்தியம். அவ படிப்பு மேல சத்தியம். நான் ஒரு துளிரக்கூடத் தொடல."

கை ஓங்கி விழுந்தது. சூடம் அணைந்தது. அம்மாவின் உள்ளங்கையிலிருந்து வந்த கரிந்த வாசம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

கணக்கப்பிள்ளை இன்னொரு சூடம் கொளுத்தினார். "நீயும் அடிம்மா."

அத்தை சூடத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சூடம் எரிந்துகொண்டே இருந்தது.

"நான் அடிக்கல."

"ஏன்?"

"நான் அடிச்சா ஒரு புள்ளைக்கு ஆவாது. எனக்கு வேணாம். நான் அடிக்கல."

சூடம் தானாக எரிந்து முடிந்தது. வழக்கும் முடிந்தது. சத்தியத்துக்குப் பயந்தவள்தான் திருடி என்று எல்லாரும் இறங்கிப் போனார்கள். தன் பிள்ளைக்கு ஆகாது என்று பயந்துவிட்டாள் பாவி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றிலிருந்து இரண்டு ஜன்னலுக்கும் பேச்சு இல்லை. அம்மா அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு அடுப்பின் முன்னாலேயே குந்திக்கொள்வாள். நுனி கிள்ளுவதும் அன்றோடு நின்றது. "பாத்தியா? புடிபட்டதும் கை நின்னுருச்சு," என்றார் அப்பா. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும் என்று லயமும் ஒப்புக்கொண்டது. அத்தையின் மகள் பள்ளிக்கூடத்தில் வேறு சாக்கில் போய் உட்கார்ந்தாள்.

மார்கழியில் கம்பெனித் துரைமார் வந்தார்கள். துரைசாணி வெள்ளைக் குடையோடு முன்னால் வர, கணக்கப்பிள்ளை அவர் பக்கத்தில் குனிந்து குனிந்து நடந்தார். கடைசிக் காம்பராத் தேயிலைக் கன்றைப் பார்த்துத் துரைமார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தையின் ஜன்னலில் ஜெரேனியம் கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்கியது. அந்த லயத்திலேயே அழகு அதுதான். துரைசாணி அங்கே நின்றார், முகம் மலர்ந்தது. கணக்கப்பிள்ளை அவர் காதில் இங்கிலீசில் என்னவோ சொன்னார். மலர்ந்த முகம் சுருங்கியது. ஜன்னலுக்குள் நின்ற அத்தை கும்பிட எடுத்த கையை இறக்கிக்கொண்டாள்.

எங்கள் பெட்டியில் ஒரு பூ இல்லை. அப்போதுதான் மிளகளவு மொட்டுகள் வைத்திருந்தன. ஆனால் செடி என்ன அடர்த்தி! ஒவ்வொரு தண்டும் கிளை விட்டுக் கிளை விட்டு, இடைவெளியே இல்லாமல், மேலே மட்டமாக, நன்றாகப் பறிபட்ட தேயிலைப் புதர் மாதிரி நின்றது. துரைசாணி உள்ளங்கையை அதன்மேல் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"வெரி நீட்," என்றார். யார் வளர்த்தது என்று கணக்கப்பிள்ளை கேட்டார்.

"எம் பொண்டாட்டி கைராசிங்க," என்றார் அப்பா.

தைமாதம் நான் பதுளைக்குப் போனேன். தகரப் பெட்டி, இரண்டு கவுன், ஒரு சோடி சப்பாத்து. சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் பாதையில் இறங்கினேன். லயத்து வாசலில் அத்தை மகள் தன் அம்மாவின் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, பாரம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூடை அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பதுளைப் பள்ளிக்கூடத்து ஜன்னல்களைப் பற்றி நான் இன்னொரு சமயம் பெருமை பேச வேண்டும். ஒவ்வொன்றும் எங்கள் காம்பராக் கதவைவிடப் பெரிது. எல்லாவற்றுக்கும் கண்ணாடி. அங்கே என்னைத் தோட்டத்துப் பெண் என்று தள்ளி உட்கார வைத்தவர்கள் உண்டு. முதல் தவணைப் பரீட்சை முடிந்ததும் அவர்களே கணக்குக் கேட்டு என்னிடம் வந்தார்கள். எங்கள் வம்சத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது, அன்றைக்கும் இல்லை.

சித்திரை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். பங்களாப் பாதையில் திரும்பும்போதே தெரிந்தது, எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஒரே மஞ்சள். பெட்டி தெரியவில்லை, பலகை தெரியவில்லை. அத்தனை பூவை ஒரே இடத்தில் நான் அதுவரை கண்டதில்லை. ஜன்னலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து ஜன்னலில் எனக்குத் தெரியாத ஒரு பெண். இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெரேனியப் பெட்டி அங்கே இல்லை.

நான் கூப்பிட வாயெடுத்தேன். அப்போதுதான் அம்மாவின் கை கண்ணில் பட்டது.

பேச்சுக்கு நடுவே அது தானாக நீண்டது. பூக்களை விலக்கியது. புதிதாக எழும்பிய ஒரு துளிரைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துச் சட்டென்று ஒடித்தது. உள்ளங்கைக்குள் தள்ளியது. அடுத்த துளிருக்குப் போனது. கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால், கூடை இருக்கும் இடத்துக்கு, வீசியது. அங்கே கூடை இல்லை. துளிர்கள் காம்பராவுக்குள், அடுப்படியில் விழுந்திருக்கும். அந்தக் கார்த்திகைக் காலைகளிலும் அம்மாவே அவற்றைக் குப்பையோடு கூட்டித் தள்ளியிருப்பாள். அம்மா ஒரு தடவைகூடக் கையைப் பார்க்கவில்லை. கண் பக்கத்து ஜன்னலில் இருந்தது, வாய் பேசிக்கொண்டிருந்தது.

"அம்மா!"

"வந்துட்டியா! எங் கண்ணு!"

"அம்மா, கையப் பாரும்மா."

அம்மா பார்த்தாள். உள்ளங்கையில் நாலைந்து பச்சை நுனிகள் இருந்தன. முதலில் அவளுக்கு அவை என்ன என்றே தெரியவில்லை. வேறு யாரோ கையில் வைத்துவிட்டுப் போனது மாதிரிப் பார்த்தாள். பிறகு பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். அங்கே புது ஆள்தான் நின்றாள். ஜன்னலிலிருந்து அம்மாவின் முகம் கீழே இறங்கி மறைந்தது. நான் சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது, சுவரோரம் உட்கார்ந்து, அந்தக் கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா அத்தை?"

"மாசியிலயே போயிட்டாங்க. பேரு வந்துருச்சு. கோச்சியேறிப் போயிட்டாங்க."

கோச்சி பதுளை ஸ்டேசனிலிருந்துதான் புறப்படும். எங்கள் வகுப்பறைக்கு அதன் கூவல் கேட்கும். அவர்கள் ஏறிய கோச்சி கூவியபோது நான் பூகோளப் பாடத்தில் இந்தியாவின் ஆறுகளை ஒப்பித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அப்பா மாலையில் வந்தார். அம்மாவே சொன்னாள், என்னைச் சொல்ல விடவில்லை. அப்பா செடிப் பக்கம் போய் ஒரு தண்டை வளைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கிள்ளலுக்கும் கீழே இரண்டு கிளை, அந்த இரண்டுக்கும் இரண்டு. வாழ்நாள் முழுக்க வெட்டினால்தான் தழைக்கும் என்று தெரிந்து வேலை செய்தவர். பறிக்கிறவள் கையில் கிள்ளுப்பட்ட செடி இது என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். எதிரியாக இருந்தால் கிள்ளாமல் வேரோடு பிடுங்கியிருக்க மாட்டாளா என்று யாருமே யோசிக்கவில்லை.

"நான் பூ வேணும்னு பாத்தேன்," என்றார். பெட்டியைக் கழற்றி எறியப் போனார். அம்மா விடவில்லை.

"இருக்கட்டும். கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

நானாவுக்குப் பூ போகவில்லை. ஒரு பூவும் தலைக்குப் போகவில்லை, சாமிக்கும் போகவில்லை. செடியிலேயே காய்ந்து கறுத்தன. அம்மா அதற்குப் பிறகு கோயிலுக்குள் போனதில்லை. திருவிழாவிலும் தகரத்துக்கு வெளியே நிற்பாள். எனக்குக் காய்ச்சல் என்றாலே அவள் முகம் வெளுத்துவிடும். ஒவ்வொரு பரீட்சை முடிவு வரும்போதும் அவள் பட்ட பாடு பரீட்சை எழுதிய நான்கூடப் பட்டதில்லை. நான் பத்தாவது தேறினேன். டீச்சர் ஆனேன். இன்றைக்குப் பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து படிப்பிக்கிறேன்.

"பாத்தியாம்மா? ஆத்தா என்னை ஒண்ணும் செய்யல," என்று ஒருதடவை கேலியாகச் சொன்னேன்.

"அவ அடிக்காம விட்டா. அதுனாலதான்," என்றாள் அம்மா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று சூடத்துக்கு முன்னால் அத்தை தன் மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு உண்மை தெரியும். தான் அடித்தால் எந்தப் பிள்ளைக்கு ஆகாது என்பதும் தெரியும். திருடிப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, தன் மகளின் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு, என்னை உயிரோடு படிக்க விட்டுப் போனவள் அவள்.

இந்தியாவில் எந்த ஊர் முகாமில் விட்டார்கள் என்று விசாரிக்காத ஆள் இல்லை. போனவர்களின் உறவினர்களைக் கேட்டாயிற்று. கோத்தகிரி என்றார்கள், கூடலூர் என்றார்கள். அங்கேயும் தேயிலைதானாம்.

போன மாதம் அம்மா என் குவார்ட்டர்ஸுக்கு வந்து சில நாள் தங்கினாள். என் ஜன்னலுக்குக் கீழே நான் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். அதே செவ்வந்திதான். என் கைக்குக் கிள்ளும் பழக்கம் இல்லை. அதனால் செடி குச்சியாக வளர்ந்து, நுனியில் ஒற்றைப் பூ வைத்து, காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதிகாலையில் எழுந்து பார்த்தேன். அம்மா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தாள். பல வருடமாக ஜன்னலில் நின்றால் அப்படித்தான் நிற்கிறாள். முந்தானைக்குள் மட்டும் ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

"கிள்ளி விடும்மா. நல்லாப் பூக்கும்," என்றேன்.

அம்மா கையை வெளியே எடுக்கவில்லை. எதிரே வெறும் சரிவு, தேயிலை, மூட்டம்.

"போன எடத்துல," என்றாள், "அவ வீட்டுக்கு ஜன்னல் வச்சிருப்பானுங்களா?"